கைநாட்டு வைத்த வெள்ளைத்தாள்கள்

இருபத்தைந்து வருஷம் ஆசிரியை வேலை பார்த்ததில் நானாக யோசித்துச் செய்த புத்திசாலித்தனமான காரியம் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு தாயையும் மகளையும் பிரித்துவிட்டது. அதனால் இப்போது யாராவது என் எதிரில் “நல்ல ஐடியா” என்று ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது.

2005 ஜூனில், மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டியிருந்த ஒரு நடுநிலைப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தேன். திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோவேன். எட்டாம் வகுப்பைக் கொடுத்தார்கள். பிள்ளைகளில் பாதிப்பேரின் வீட்டில் அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் உப்பளத்தில்தான் வேலை. வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரவேண்டும் என்று விடிவதற்கு முன்பே போய்விடுவார்கள். பிள்ளைகள் தாங்களே எழுந்து, இருப்பதைத் தின்றுவிட்டு வரவேண்டும். வந்தால் வந்ததுதான். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது பெற்றவர்களுக்குத் தெரிய வழியே இல்லை.

வந்த இரண்டாவது வாரமே மேலதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வந்தார். வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே, “இவ்ளோ ஆப்சென்ட் இருக்குது, ஒரு லீவு லெட்டர்கூட இல்லையே மேடம். பேரன்ட்ஸ்கூட பேசறதே கிடையாதா?” என்று கேட்டார். பிள்ளைகளுக்கு முன்னால் கேட்டார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி, மகளுக்கு நேற்று காய்ச்சல் என்று கைநாட்டு வைப்பதற்காக அரை நாள் கூலியை விட்டுவிட்டு வருவாளா? ஆனால் அதிகாரியிடம் அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. சரிங்க சார் என்று தலையாட்டினேன்.

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. ஜூன் கடைசியில் திடீரென்று ஒரு மழை பெய்து, பாத்தியில் இருந்த உப்பெல்லாம் கரைந்து உப்பளத்தில் வேலை நின்றது. அன்றைக்கே கூட்டம் என்று சொல்லி அனுப்பினேன். அப்பாக்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அம்மாக்கள் வந்தார்கள். ஆளுக்குப் பத்து வெள்ளைத்தாள் கொடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் கைநாட்டு வாங்கினேன். உப்பில் உழைத்த கட்டைவிரல்களில் ரேகை தேய்ந்து போயிருந்தது. மையை அப்பி, விரலை நானே பிடித்து அழுத்தவேண்டியிருந்தது. எங்கள் வகுப்பில் நன்றாகப் படிக்கிற பெண்ணின் அம்மா ஒருத்தி, கட்டைவிரலில் குறுக்காக ஒரு வெட்டுத் தழும்பு உள்ளவள், சிரித்தாள்.

“உப்பு தின்னுட்ட கை டீச்சர் இது. இதுல இன்னா எழுதுவீங்க?”

“லீவு லெட்டர்தாம்மா. பிள்ளை ஒரு நாள் வரலைன்னா அதுவே காரணத்தை எழுதிக் குடுத்துடும். நீங்க வேலையை விட்டுட்டு ஓடிவர வேணாம் இல்ல.”

“அதுவும் நல்லதுதான்” என்று அவள் பத்துத் தாளிலும் வைத்தாள்.

தாள்களைத் தைத்து அந்தந்தப் பிள்ளை கையிலேயே கொடுத்துவிட்டேன். என் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கலாம். வீட்டிலிருந்து எழுதி எடுத்து வந்தால்தான் அழகு என்று பட்டது. அடுத்த ஆய்வில் அதிகாரி கடிதக் கட்டைப் பார்த்துவிட்டு, பெற்றோருக்கும் பள்ளிக்கும் இப்படி ஒரு உறவை எங்குமே பார்த்ததில்லை என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தழும்புக்காரியின் மகளுக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வகுப்பில் பாதிப்பேருக்கு லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தது அவள்தான். வருகையிலும் அவள்தான் முதல். ஆகஸ்ட் வரைக்கும் ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

செப்டம்பரில் ஒருநாள் என் மேஜைக்கு வந்து நின்றாள்.

“டீச்சர், கைநாட்டு வெச்ச பேப்பர்ல இன்னா எழுதினாலும் செல்லுமா?”

“ஏன், ஒரு மாசம் லீவு கேட்டு எழுதப் போறியா?” என்றேன். வகுப்பே சிரித்தது. அவளும் கொஞ்சம் சிரித்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அவள் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஏன் என்று யோசிக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் மூன்று நாள் வரவில்லை. திரும்பி வந்தபோது காதில் புதுத் தோடு, காலில் புதுச் செருப்பு. சென்னையிலிருந்து பெரியம்மா வந்திருந்ததாகக் கடிதத்தில் எழுதியிருந்தாள். பெரியம்மா என்றால் அப்பாவின் அண்ணன் மனைவி.

“எதுக்கு வந்தாங்க?”

“அவங்களுக்குத் தெரிஞ்ச ஒரு வீட்ல கொழந்தையப் பாத்துக்க ஆள் வேணுமாம். என்னக் கூப்புடறாங்க.”

“உங்க அம்மா என்ன சொன்னாங்க?”

“அம்மா வேணான்னு சொல்லிட்டுது. பத்தாவது முடிக்கணும்னு சொல்லுது.”

“அப்பா?”

அவள் செருப்பைக் கழற்றி மறுபடி மாட்டினாள். அன்றிலிருந்து மற்றப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதை நிறுத்திவிட்டாள். கேட்டால் கை வலிக்குது என்றாள். அவள் அம்மாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசவேண்டும் என்று நினைத்தேன். காலாண்டுப் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

பரீட்சை முடிந்து பள்ளி திறந்த நாள் அவள் அப்பா தலைமையாசிரியர் அறையில் நின்றுகொண்டிருந்தார். மகளுக்கு டி.சி. வேண்டுமாம். எங்கள் பள்ளியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பெண் பிள்ளைக்கு டி.சி. என்றால் அப்பா மட்டும் கேட்டால் போதாது, அம்மாவும் சம்மதிக்கவேண்டும். முன்பு சில பெண்களை இப்படித்தான் அம்மாவுக்குத் தெரியாமல் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று தலைமையாசிரியரே கொண்டுவந்த கட்டுப்பாடு அது. அவர் ஒரு தாளை என்னிடம் நீட்டினார். குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகளின் படிப்பை நிறுத்துகிறேன் என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. அடியில் கைநாட்டு. குறுக்கே தழும்பின் வெள்ளைக் கோடு.

மகள் வாசலுக்கு வெளியே நின்றாள். நான் எட்டிப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

“சார், இவங்க அம்மாவுக்கு இதுல இஷ்டம் இல்லைன்னு பொண்ணு சொல்லிச்சு. ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்” என்றேன்.

“அதான் கைநாட்டு இருக்குதே மேடம். நம்ம மேல ஒண்ணும் வராது.”

அந்தத் தாள் எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால், எழுதாத தாளில் கைநாட்டு வாங்கியது நான்தான் என்பதையும் சொல்லவேண்டும். மணி அடித்தது. வகுப்புக்குப் போய்விட்டேன். கணக்குப் பாடம் நடத்தினேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

பதினொரு மணிக்கு அவள் அம்மா ஓடிவந்தாள். முழங்கால் வரைக்கும் உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளையாக இருந்தது. புருஷனும் மகளும் பையோடு மெட்ராஸ் பஸ் ஏறியதைப் பார்த்ததாக யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

“டீச்சர், எம்பொண்ணு கிளாஸ்ல தான இருக்குது?”

தலைமையாசிரியர் தாளைக் காட்டினார். அவள் அதைக் கையில் வாங்காமல் குனிந்து பார்த்தாள். பிறகு தன் கட்டைவிரலைப் பார்த்தாள்.

“இது என் கைதான். ஆனா நான் வெக்கலயே.” என் பக்கம் திரும்பினாள். “டீச்சர், நீங்க லீவுக்குன்னுதான சொன்னீங்க? நான் தோ அங்கதான இருந்தேன். ஒரு புள்ளைய அனுப்பி இருந்தா வந்திருப்பேனே.”

எங்களுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் ஒரு ரோடுதான்.

மறுநாள் எல்லாப் பிள்ளைகளிடமும் தாள்களைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டேன். அதனால் என்ன ஆயிற்று? அந்த அம்மாவும் அவள் தம்பியும் இரண்டு தடவை சென்னைக்குப் போய் வந்தார்கள். பெரியம்மா வீட்டில் மகள் இல்லை. வேறொரு வீட்டில் விட்டிருக்கிறோம், நல்லா இருக்குது என்றார்களே தவிர, எந்த வீடு என்று சொல்லவில்லை. புருஷனும் சொல்லவில்லை. போலீசுக்குப் போகலாம் என்று சொன்னேன். “கைநாட்டு வெச்சிருக்குறியேன்னு கேட்டா இன்னா சொல்றது டீச்சர்?” என்றாள். நான் வந்து உண்மையைச் சொல்கிறேன் என்று அப்போது சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை.

மழை முடிந்து ஜனவரியில் உப்பளம் மறுபடி தொடங்கியது. ஒரு மத்தியானம் அவள் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். இளைத்துப் போயிருந்தாள்.

“எம்பொண்ணு பேரு நோட்ல இருக்குதா டீச்சர்? பேரு இருந்தா, வந்த உடனே சேத்துக்குவீங்க இல்ல?”

டி.சி. கொடுத்த அன்றைக்கே அந்தப் பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிட்டோம். புதுப் பதிவேட்டில் அது கிடையாது.

“இருக்குதும்மா” என்றேன்.

“எது?”

பதிவேட்டைத் திறந்து ஏதோ ஒரு பெயரைக் காட்டினேன். அவள் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, தழும்பு விரலை அதன் மேல் வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

“எடுத்துடாதீங்க டீச்சர். மாசாமாசம் வந்து பாத்துக்கறேன்.”

சொன்னபடியே ஏப்ரல் வரைக்கும் வந்தாள். ஒவ்வொரு தடவையும் வேறொருத்தியின் பெயரைத்தான் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாதது எனக்கு இரண்டாவது தடவையும் வசதியாக இருந்தது.