பிலோமினாவின் கம்ப்யூட்டரும் தும்முகிற என் ஜென்செட்டும்

பிலோமினா போய்விட்டாள்...

நேற்று சாயங்காலம், மம்பாவில் உள்ள அவள் வீட்டில். அவள் மகன் போன் செய்து "அங்கிள்..." என்றான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெடாஸ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஒன்றாக வேலை செய்தோம். அவள் ஆலை ஆபீஸில் கம்ப்யூட்டர் கிராணி, அதாவது குமாஸ்தா. நான் ஜென்செட், கரண்ட் போனால் ஓடும் டீசல் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்பவன். அந்தக் காலத்தில் நெகிரி செம்பிலானில் ஜென்செட் என்றால் நான்தான். பட்டாளத்திலிருந்தே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள், போகவில்லை.

என்னைத் தெரிந்தவர்கள் நான் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்வீர்கள். இன்றைக்கு மட்டும் கழிக்க வேண்டாம், ப்ளீஸ்.

பிலோமினா ரப்பர் பால் வெட்டுக்காரர் மகள். சிரம்பானுக்கு பஸ் ஏறிப் போய்ப் படித்து, செம்பனைக் குலை ஏற்றி வரும் லோரிகளை எடை போட்டு எழுதும் புரோகிராமைத் தானே எழுதினாள். தோட்டமே வாயைப் பிளந்தது.

எங்களுக்குக் கரண்ட் எப்போது போகும் என்று கடவுளுக்கே தெரியாது. அதற்காகக் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு பேட்டரிப் பெட்டி. கரண்ட் போன உடனே அந்தப் பெட்டி கம்ப்யூட்டரைத் தட்டும், கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு ஒரு சிக்னல் அனுப்பும். புரோகிராம் கையில் இருக்கும் லோரியின் எடையைப் பத்திரப்படுத்திவிட்டு வேலையைத் தொடர வேண்டும்.

சிரம்பானில் ஒரு தடவை கரண்டை அணைத்துச் சோதித்தபோது அருமையாக ஓடியது. எங்கள் தோட்டத்தில் மட்டும் கரண்ட் போகிற ஒவ்வொரு மழைக்கும் புரோகிராம் விழுந்தது. லோரிகள் வரிசையில் நின்று ஹாரன் அடிக்கும்...

பெரிய கிராணி எல்லார் முன்னாலும் சொன்னார்: "இன்னொரு தடவ விழட்டும். கம்ப்யூட்டர மூடிட்டு பழையபடி புஸ்தகத்துல எழுதிக்கலாம். நீ ஆயாக் கொட்டகைக்குப் போயி பிள்ளைங்களுக்குத் தொட்டில் ஆட்டு."

அவள் அம்மா அந்தக் கொட்டகையில்தான் ஆயா. மகளாவது நாற்காலியில் உட்காரட்டும் என்று பாடுபட்டவர்.

மறுநாள் காலை பசியாறும் நேரம். பிலோமினா நேராக என் என்ஜின் கொட்டகைக்கு வந்து நின்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"அண்ணே, ஒங்க ஜென்செட்டு ஸ்டார்ட் ஆவும்போது என்னா செய்யும்?"

"என்னா செய்யும்? சிங்கம் மாரி கர்ஜிக்கும்."

"வெளாட்டு இல்லண்ணே. லைட்டு வந்து, போயி, மறுபடி வருதுலா?"

"அதுவா... ஒரு தும்மு தும்மும். தும்மாத ஜென்செட்டு இந்த மலேசியாவுலயே கெடையாது."

"தும்ம வைங்க. இப்பவே."

அவள் ஆபீஸுக்கு ஓடிக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் மெயின் சுவிட்சை அணைத்தேன். கரண்ட் போனது, முதல் சிக்னல், புரோகிராம் தாங்கியது. ஜென்செட் பிடித்து, ஒரு தும்மு தும்மியதில் கரண்ட் மறுபடி ஒரு நொடி போய் வந்தது. இரண்டாவது சிக்னல்... புரோகிராம் படுத்துவிட்டது!

ஆபீஸிலிருந்து அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் ஓடி வந்தாள். "அண்ணே! ஒரு தடவதாண்ணே அதுக்கு ஞாபகம் இருக்கு!"

அவள் விளக்கியது இன்றும் காதில் இருக்கிறது. "சிக்னல் வந்தா கையில உள்ளத அப்படியே வெச்சிட்டு, நான் எழுதி வெச்ச எடத்துக்கு ஓடி வரும்ணே. ஆனா ஒரு தடவதான். அடுத்தது வந்தா எங்க ஓடணும்னு தெரியாது, செத்துரும். அதனால ஓடி வந்ததும் மொத வரியிலேயே, 'அடுத்த தடவயும் இங்கதான் வரணும்'னு மறுபடி சொல்லி வைக்கணும்."

ஒரே ஒரு வரி சேர்த்தாள். அதற்குப் பிறகு எத்தனை மழை, எத்தனை தும்மல்... விழவே இல்லை. பெரிய கிராணி தன் கையாலேயே அவளுக்குக் கோப்பி கலக்கிக் கொடுத்தார். தலைநகர் கே.எல்.லிலிருந்து வந்த இன்ஜினியர் என் கையைப் பிடித்து, "அங்கிள், எந்த யுனிவர்சிட்டி?" என்று கேட்டான். ஸ்டாண்டர்ட் ஃபைவ் என்று சொல்வேனா? "பெடாஸ்" என்றேன்.

பிலோமினா டேபிளுக்குக் கீழே குனிந்து சிரித்தாள்.

நான் ஒரு கேள்வி கேட்டேன். "அந்த மொத வரிக்குப் போறதுக்கு முன்னாடியே அடுத்த சிக்னல் வந்துட்டா?"

"சிக்னலுக்கும் மொத வரிக்கும் நடுவுல சின்னதா ஒரு எடவெளி இருக்குண்ணே. அதுக்குள்ள வந்துட்டா ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா கண்ண மூடித் தொறக்கற நேரங்கூட இல்ல. பயப்படாதீங்க, ஒங்க ஜென்செட்டு அவ்ளோ வேகம் இல்ல."

போன வருஷம் அவளுக்கு முதல் ஹார்ட் அட்டாக். ஆஸ்பத்திரியிலிருந்து அவளே கூப்பிட்டாள். "சிக்னல் வந்துச்சிண்ணே. புடிச்சிட்டேன்."

"மொத வரி போட்டியா?" என்றேன்.

"டாக்டரு மருந்து எழுதிக் குடுத்துட்டாருலா. போட்டாச்சு, போட்டாச்சு."

பிறகு என் காரில் சி ரூசா கடற்கரைக்கு அழைத்துப்போனேன். மருந்து டப்பாவைத் திறந்து காட்டினாள், ஸ்கூல் பிள்ளை ஹோம்வொர்க் காட்டுவதுபோல. "இந்தக் கடல்லயே நான் முத்து எடுத்திருக்கேன்" என்று நான் சொன்னதற்கு, "எடுத்த முத்தயெல்லாம் அண்ணிகிட்ட காட்டவே இல்லியாமே?" என்றாள்.

நேற்று மகனிடம் கேட்டேன். "மருந்து சாப்பிட்டாளாப்பா?"

"ஒரு வேளகூட விடல, அங்கிள். மத்தியானங்கூட சாப்பிட்டாங்க."

எல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறாள். இரண்டாவது அட்டாக் அந்தச் சின்ன இடைவெளிக்குள் வந்துவிட்டது...

நாளை காலை மம்பாவில் பிரார்த்தனை. பழைய தோட்டத்து ஆட்கள் வாருங்கள். நான் இப்போதே அவள் வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஏதோ லைட் ஒன்று விட்டு விட்டு எரிகிறது, அதையே பார்த்துக்கொண்டு.

தூங்கு பிலோமி... அண்ணன் பக்கத்தில்தான் இருக்கிறேன், தங்கச்சி.