எதிர்வாடையில் நின்று கேட்ட துக்கம்

முப்பதுகளின் தொடக்கம். மயிலாப்பூரில் பங்குனித் திருவிழாக் கூட்டம் கலைந்த சில நாட்களிலேயே எங்கள் தெருவுக்குள் வாந்திபேதி நுழைந்துவிட்டது. குளத்துக்குத் தெற்கே, எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் ஒன்று பின்னுக்குப் போயாக வேண்டிய குறுகலான தெரு அது. அங்கே அதற்கு முதலில் பலியானவர் என் அப்பா. எனக்கு அப்போது பதினைந்து வயது. தங்கை சின்னக் குழந்தை.

அப்பா கைலி வியாபாரி. கட்டுக்கட்டாகக் கைலிகளை ஏற்றிக்கொண்டு ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று கப்பலில் போய்வருவார். எத்தனையோ ஊர்த் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சிரித்த முகத்தோடு திரும்பியவர், சொந்தத் தெருவில் ஒரே பகலில் முடிந்துபோனார்.

உறவுக்காரர்கள் பால் தெளித்த கையோடு புறப்பட்டுவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கார்ப்பரேஷன் ஆள் வந்து எங்கள் வாசலில் வெள்ளை வெளேரென்று மருந்துத் தூளைக் கொட்டிவிட்டுப் போயிருந்தான். அதைப் பார்த்த யாரும் எங்கள் பக்கமாக நடக்கவே இல்லை. தெருவின் அந்தப் பக்கம், எதிர்வாடையை ஒட்டி ஒதுங்கிப் போனார்கள்.

மறுநாள் மத்தியானம் அப்பாவின் சிநேகிதர்கள் துக்கம் கேட்க வந்தார்கள். அவர்களும் எதிர்வாடையிலேயே நின்றார்கள். அங்கேதான் அப்பாவின் சிநேகிதரான மளிகைக்காரரின் கடை. அவர் கடைக்குள் நின்றார். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் குடையோடு வந்திருந்தார். மூன்றாமவர் நாங்கள் ‘ரங்கூன் மாமா’ என்று கூப்பிடுகிறவர். அச்சாபீசில் எழுத்துக் கோக்கிற வேலை. ஒல்லியாக, நெட்டையாக இருப்பார்.

நான் ஒருக்களித்த கதவுக்குப் பின்னால் தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர்கள் பேசியது தெருவைத் தாண்டி நன்றாகக் கேட்டது.

அப்பா ஒவ்வொரு பயணத்துக்கும் எங்கள் கால் அளவுக்கு ஒரு நூலை முடிச்சுப் போட்டு எடுத்துப் போவாராம். பினாங்கில் கொட்டும் மழையில் கடை கடையாக ஏறி, அந்த நூலைச் செருப்பின்மேல் வைத்துப் பார்ப்பாராம். கூட இருந்த வியாபாரிகள் சிரிப்பார்களாம். அதை வாத்தியார் சொல்லிக் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. அப்பா செத்ததிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது.

பிறகு மளிகைக்காரர் ரங்கூன் மாமாவின் கதையை எடுத்தார். அது எங்கள் தெருவே அறிந்த கதை. வேலை வாங்கித் தருகிறேன் என்று அப்பா ஒருமுறை இவரைக் கப்பலில் கூட்டிப்போனார். கடலைப் பார்த்த பயத்தில் ரங்கூன் போய்ச் சேரும்வரை இவர் எழுந்திருக்கவே இல்லை. ஊர் வந்ததும் இறங்கவும் பயம். அதே கப்பலில் அப்படியே திரும்பி வந்துவிட்டார். “ரங்கூன் மண்ணை மிதிக்காம ரங்கூன் போய்ட்டு வந்த ஒரே ஆளு” என்று அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம். துக்க வீடு என்பதை மறந்து அவர்களும் சிரித்தார்கள். ரங்கூன் மாமாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் கொல்லைப் பக்கத்திலிருந்து வாந்தியெடுத்து ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. இரண்டு நாளைக்கு முன்னால் அப்பாவிடம் கேட்ட அதே சத்தம்.

ஓடினேன். அம்மா கிணற்றடியில் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்கள் உள்ளே போயிருந்தன. கையைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. விரல் நுனியெல்லாம் வெகுநேரம் தண்ணீரில் ஊறியதுபோலச் சுருங்கியிருந்தது. காலையிலிருந்தே இப்படித்தான் என்றும், எனக்குத் தெரியக் கூடாதென்று கொல்லைக்குப் போய்ப் போய் வந்ததாகவும் சொன்னாள். குரல் கம்மிப் போயிருந்தது.

“அவங்ககிட்ட சொல்லிடாதேடி. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போய்டுவாங்க. அங்க போனவங்க யாரு திரும்பி வந்தாங்க? நான் இங்கயே கெடக்கிறேன்.”

அந்தக் காலத்தில் எல்லோருக்கும் அந்தப் பயம் உண்டு. ஆஸ்பத்திரியில் பேதிக்காரர்களுக்கென்று தனியாகப் போட்ட கொட்டகையைப் பற்றித் தெருவில் பேசாத கதையில்லை. சொன்னால் அம்மாவைக் கொண்டுபோய்விடுவார்கள். அதைவிட, வெளியே நிற்கும் அந்த மூன்று பேரும் ஓடிவிடுவார்கள். அவர்களும் போனால் எங்களுக்கு யார்? சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே கிடந்த அப்பாவே காட்டிவிட்டுப் போயிருந்தார். கதவருகே வந்து நின்றேன். தங்கை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “அம்மா ஏன் கீழே படுத்துக்கிச்சு?” என்று கேட்டாள்.

கதவை அகலத் திறந்தேன். “மாமா, அம்மாவுக்கும் வந்துடுச்சு” என்றேன்.

மளிகைக்காரர் கடையை மூடப் பலகையை எடுக்கக் கை வைத்து, அப்படியே நின்றார். வாத்தியார், “நான் போய் ஆளை அனுப்பறேம்மா” என்று சொல்லிக்கொண்டே நடந்தார். ஆள் வரவில்லை. ரங்கூன் மாமாவும் தெருமுனைப் பக்கம் விறுவிறுவென்று போனார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஜட்கா வண்டிச் சத்தம். ரங்கூன் மாமா முன்னால் ஓடி வந்தார். வண்டிக்காரன் வாசலில் இருந்த வெள்ளைத் தூளைப் பார்த்ததும் கடிவாளத்தை இழுத்துவிட்டான். “இன்னா நைனா, பேதி கேசுன்னு சொல்லவே இல்லியே! வாணாம், எனக்கும் புள்ளகுட்டி கீது” என்று குதிரையைத் திருப்பிக்கொண்டு போயேவிட்டான்.

மாமா மளிகைக்காரரைப் பார்த்தார். அவர் அரிசி மூட்டை தள்ளுகிற கைவண்டியைக் கடைக்குள்ளிருந்தே காலால் தள்ளிவிட்டார். “எடுத்துக்கினு போ. திரும்பக் கொணாராதே” என்றார். கடைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி மட்டும் எட்டிப் பார்த்து, “கொழந்தைய என்னாண்ட வுட்டுட்டுப் போ கண்ணு, நான் பாத்துக்கிறேன்” என்றாள். புருஷன் தடுக்கத் தடுக்க வந்து தங்கையை வாங்கிக்கொண்டாள்.

ரங்கூன் மாமா எங்கள் வாசலுக்கு வந்தார். வெள்ளைத் தூளுக்கு இந்தப் பக்கம் வைக்கக் காலைத் தூக்கினார். இறக்கிவிட்டார். மறுபடி தூக்கினார். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

அம்மாவைத் தூக்கப் போனபோது அவள், “வாணாம்ணா, என்னை வுட்டுடுங்க” என்று முனகினாள்.

“சும்மா இரு தங்கச்சி. நானே நடுங்கிக்கினு கீறேன். நீ வேற பேசாதே.”

கைவண்டியில் பாயை விரித்து அம்மாவைக் கிடத்தினோம். அவர் முன்னால் இழுக்க, நான் பின்னாலிருந்து தள்ளினேன். சித்திரை வெயில் கொளுத்தியது. லஸ் முனையில் எங்களைக் கண்டதும் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. டிராமில் போனவர்கள் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மாமா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

“எதுனா பேசிக்கினே வாம்மா. நின்னா வண்டிய வுட்டுட்டு ஓடிடுவேன் போல கீது. உங்கப்பா கதை எதுனா சொல்லு.”

நான் என்ன சொன்னேன் என்பது முழுசாக ஞாபகமில்லை. கப்பலிலிருந்து வந்த அன்று தரை ஆடுகிறது என்று அப்பா தூணைப் பிடித்துக்கொண்டே சாப்பிட்டதைச் சொன்னேன். மூச்சு வாங்க வாங்க என்னென்னவோ உளறினேன். “அப்பறம்? அப்பறம்?” என்று அவர் கேட்டுக்கொண்டே இழுத்தார். அம்மாவின் பாதம் வண்டியின் ஆட்டத்துக்கு ஆடியது. அது தானாக அசைகிறதா, வண்டி அசைக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே நான் பாதி செத்துப்போனேன்.

ராயப்பேட்டையில் ஆஸ்பத்திரி வாசலை அடைந்ததும் அங்கிருந்த ஆட்கள் அம்மாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். அடுத்த நிமிஷம் ரங்கூன் மாமா கேட்டோரத்தில் குனிந்து வாந்தி எடுத்தார். எங்களால் இவரும் போய்விட்டாரே என்று அலறினேன். உள்ளேயிருந்து வந்த கம்பவுண்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஒண்ணுமில்லேம்மா. வெயிலும் பயமும்தான். ஒரு சோடா வாங்கிக் குடு” என்றார்.

அம்மாவின் கைநரம்பில் உப்புத்தண்ணீர் ஏற்றினார்கள். நாங்கள் வெளியே மரத்தடியில் கிடந்தோம். விடிந்ததும் நர்சம்மா வந்து, உங்கம்மா குழந்தையைக் கேட்கிறாள் என்றாள். நாங்கள் அவ்வளவு பயந்த அந்தக் கொட்டகைதான் அம்மாவைத் திருப்பிக் கொடுத்தது. அதற்குப் பிறகு அவள் பேரன் பேத்திகளையெல்லாம் பார்த்தாள்.

ரங்கூன் மாமாவுக்குப் பயம் மட்டும் போகவே இல்லை. அடையாற்றில் படகேறச் சொன்னால்கூடக் கரையிலேயே நின்றுவிடுவார். என் கல்யாணத்தின்போது அவரிடம் கேட்டேன்: “அன்னிக்கு ஏன் மாமா வந்தீங்க?”

வெற்றிலையை மென்றபடி யோசித்தார். “ஊட்டுக்குப் போயிருந்தா இன்னும் பயமா இருந்திருக்கும்மா” என்றார்.

இன்றைக்கும் யார் வீட்டிலாவது துக்கம் என்று கேள்விப்பட்டால் என் கால் தயங்கத்தான் செய்கிறது. எதிர்வாடையில் நிற்பவர்களை வீட்டுக்குள்ளிருந்து பார்க்கிற கண் எப்படியிருக்கும் என்பது எனக்குத் தெரியும் என்பதால், தயங்கிய காலோடேயே உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறேன்.