கியர் போடுகிற கால்

என் கைப்பேசியில் பதினோரு படங்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் யாராவது ஒருவர் புதுச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பின்னால் அதன் கைப்பிடியைப் பிடித்தபடி, தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு, உலகத்தையே காப்பாற்றிவிட்ட முகத்தோடு நான் நின்றிருப்பேன்.

எங்கள் சங்கம் சின்னது. பினாங்கு சூலியா தெருவில் ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடைக்கு மேல்மாடியில் மாதம் ஒருமுறை கூடுவோம். தாய்லாந்து எல்லைக் காட்டில் கண்ணிவெடியில் கை, கால் இழந்த பழைய படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் நன்கொடை திரட்டி உதவுவதுதான் வேலை. ஆபீசில் காலமெல்லாம் ஃபாரம் நிரப்பியே ஓய்வு பெற்றவன் என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். எதைக் கொடுத்தாலும் பேனரை விரித்து, வாங்குகிறவரை நடுவில் உட்காரவைத்து ஒரு படம் எடுப்போம். படம் இல்லையென்றால் எங்களைப் பொறுத்தவரை கொடுத்த மாதிரியே இல்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம் தாசேக் கெலுகோரிலிருந்து ஒரு முன்னாள் வீரரின் விண்ணப்பம் வந்தது. போனில் விசாரித்தேன்.

"இடது காலு, முட்டிக்குக் கீழ இல்ல சார்," என்றார்.

உடனே 'சக்கர நாற்காலி' என்று எழுதிவிட்டேன். கால் இல்லாதவருக்கு வேறென்ன எழுதுவது? அவர் மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். "கவலப்படாதீங்கண்ணே, எல்லாம் நாங்க பாத்துக்குறோம்," என்று வெட்டிவிட்டேன். அப்போது என் குரலில் இருந்த கருணை எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்துக்கொண்டு ஆறு பேர் போனோம். எழுபதைத் தாண்டிய மனிதர், வீட்டுக்குள்ளிருந்து கேட் வரை நடந்து வந்து, நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தார். நடந்து வந்தார் என்பதை எங்கள் ஆறு பேரில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை.

"உக்காருங்கண்ணே," என்றோம். உட்கார்ந்தார். பேனர் விரிந்தது. அப்போதுதான் நான் அந்த வேலையைச் செய்தேன். இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது.

"அண்ணே, கொஞ்சம் காலு தெரியிற மாதிரி..."

அவர் குனிந்து சிலுவார் கால்சட்டையின் இடது பக்கத்தை மடித்தார். பட்டாளத்து மடிப்பு, ஒவ்வொன்றும் ஒரே அளவு. உள்ளே பழைய செயற்கைக் கால். பாதத்தின் முன்பக்கம் வெடித்துப்போய், மோட்டார் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றியிருந்தார். படம் எடுத்தோம், கைதட்டினோம்.

அவர் மனைவி வெளியே வந்தார். இடது கையில் கட்டு. நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு சார். இதுல நான் எங்க உக்கார்றது?"

சங்கத் தலைவர் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன். அந்த அக்கா சிரிக்கவில்லை. அவருக்குச் சிறுநீரகம் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ரத்தம் கழுவ புக்கிட் மெர்தாஜாம் போயாக வேண்டும். கணவரின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்துதான் போய்வருகிறார்.

"கியர் போடுறது இந்தக் காலுதான் சார்," என்றார் அண்ணன். "பாதம் வெடிச்சதுலேர்ந்து மாத்த முடியல. ரெண்டாவது கியர்லயே போறோம். போன வாரம் சிக்னல்கிட்ட சாஞ்சிருச்சு, இவ கையில அடி. ஊசி குத்துற கை சார் அது. இன்னொரு அடி பட்டா ரத்தக்குழா அடைச்சிக்கும்னு நர்ஸ் சொல்லிட்டாங்க. அன்னிக்குப் போன்ல அதத்தான் சொல்ல வந்தேன்."

குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. "புதுக் காலு வர்ற வரைக்கும் நானே கார்ல கூட்டிட்டுப் போறேண்ணே," என்று தேர்தலில் நிற்கிறவனைப் போல வாக்குக் கொடுத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை விடியுமுன் அலாரம் அடித்தபோது என் வாயை நானே திட்டிக்கொண்டேன்.

அடுத்த கூட்டத்தில் செயற்கைக் கால் கேட்டேன். தலைவர் யோசித்தார்.

"காலு குடுத்தா போட்டோல எப்படிலா தெரியும்? சிலுவார் மூடிக்கும்ல."

பதினோரு படத்தில் பல்லைக் காட்டியவனுக்குக் கோபப்பட யோக்கியதை இல்லைதான். ஆனாலும் கத்தினேன். கீழே கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள். கால் கொடுப்பதென்று முடிவாயிற்று.

அளவெடுத்துச் செய்து வர ஏழு வாரம் ஆனது. வாரம் மூன்று நாள் பாலம் தாண்டிப் போனேன். அக்கா பின்சீட்டிலிருந்து என் ஓட்டுதலுக்கு மார்க் போடுவார். "இவரு ரெண்டாவது கியர்ல போனாக்கூட இந்நேரம் போய்ச் சேந்திருப்போம் தம்பி." சாராக இருந்தவன் எப்போது தம்பி ஆனேன் என்று தெரியவில்லை. அவர் உள்ளே நாலு மணி நேரம் படுத்திருக்க, அண்ணனும் நானும் வெளியே உட்கார்ந்திருப்போம். அக்கா எனக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்த இட்லியை அண்ணன் பிரித்துக் கொடுப்பார். உதவி செய்யப் போனவன் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தேன். நாலாவது வாரத்திலிருந்து அலாரத்துக்கு முன்னாலேயே விழிப்பு வந்துவிட்டது.

கால் வந்தது. அண்ணன் வீட்டைச் சுற்றி ஒரு வாரம் ஓட்டிப் பழகினார். அடுத்த செவ்வாய்க்கிழமை நான் போனபோது மோட்டார் கேட்டுக்கு வெளியே நின்றது. சக்கர நாற்காலியை மடித்து என் கார் பூட்டில் அவரே வைத்தார்.

"கேக்குற ஆளுக்குக் குடுங்க தம்பி," என்றார்.

அக்கா பின்னால் ஏறி உட்கார்ந்தார். "இனிமே நீங்க வர வேணாம். நாங்களே போயிக்குறோம்."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குத் துக்கமாக இருந்தது. ஒரு மனிதருக்குக் கால் கிடைத்ததற்காகத் துக்கப்பட்ட ஆள் இந்தப் பினாங்கிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர் விழுந்தது. முனை திரும்புவதற்குள் அவசரமாக ஒரு படம் எடுத்தேன். இரண்டு முதுகுகள், இரண்டு தலைக்கவசங்கள், அவர் இடுப்பைச் சுற்றி அக்காவின் வலது கை. கால் தெரியவில்லை, சிலுவார் மூடியிருந்தது.

தலைவருக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "நீ எங்கலா?"

மோட்டாரில் இரண்டு பேருக்குத்தான் இடம் என்று எழுதி அனுப்பினேன்.