துரை முன்னால் கழற்றாத பேசின்

நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குத் தண்ணீர் வரவில்லை. இரத்தோட்டைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்ட ஆபீஸ் வாசலில், வெறும் பேசின்களோடு வந்து நின்றோம். மேல் டிவிசன்காரப் பெண் ஒருவர், வெயிலுக்குத் தன் பேசினைத் தலையில் கவிழ்த்திருந்தார். பெயர் தெரியாது. நல்ல உயரம், வெற்றிலை போட்ட வாய்.

"அக்கா, அந்தக் காலத்துல ஐரோப்பாவுல சண்டைக்குப் போனவங்க போட்ட ஒரு இரும்புத் தொப்பிக்குப் பேரு பேசினெட். சின்ன பேசின்னு அர்த்தம்," என்றேன். படித்ததைச் சொல்வதில் எனக்கு அப்படியொரு ஆசை.

"அப்ப சரியாத்தான் போட்டுக்கிட்டு வந்திருக்கேன் தம்பி!"

தோட்டத்தை நிர்வகிக்கும் துரை வெளியே வந்தார். அவர் முன்னால் தலையில் எதுவும் இருக்கக்கூடாது என்பது எங்கள் தோட்டத்து வழக்கம். என் அப்பா உட்பட எல்லா ஆண்களும் தலைத்துண்டை அவிழ்த்தார்கள்.

"ஏய், பேசின எறக்கு!" என்று கங்காணி கத்தினார்.

"சண்ட முடியட்டும், எறக்குறேன்." அந்த அக்கா துரையிடம் திரும்பினார். "தண்ணி எப்பங்க வரும்?"

"நாளைக்கு," என்றார் துரை.

"அப்ப நாளைக்கு எறக்குறேன்."

சொல்லிவிட்டு, பேசினோடு ஆபீஸ் படியிலேயே உட்கார்ந்தார். அவரையே பார்த்துக்கொண்டிருந்த என் அப்பா, துரை நிற்கும்போதே, துண்டை மறுபடியும் தலையில் கட்டினார்.