வெயிலுக்கும் திறப்பு விழா

நான்கு பிள்ளைகளைத் தங்கையிடம் விட்டு, ஆறு மாதம் தலைநகர் லிலாங்வேயில் தங்கி சோலார் வேலை கற்று வந்தவள் ஃபலேசி. மருந்தகக் கூரையில் தகடுகளைத் தன் கையாலேயே மாட்டினாள். அன்று சாயங்காலமே ஊர்த்தலைவர் ம்க்வின்டா, பூப்போட்ட துணிகளை அவற்றின் மேல் போர்த்தி இறுக்கிக் கட்டச் சொல்லிவிட்டார். மாவட்ட அதிகாரி வந்து துணியை விலக்கினால்தான் திறந்ததாகுமாம்.

ஏழு வாரமாகியும் அந்த மகராசன் வரவில்லை. மேலே வெயில் கொளுத்தியது. கீழே தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டி வெறும் பீரோவாக நின்றது. மருந்தகப் பையன் என்று ஊரார் கூப்பிடும் ஐம்பது வயது லைசன் மருந்துக்காகச் சைக்கிளில் கொண்டுவரும் ஐஸ் பாதி வழியிலேயே தண்ணீராகிவிடும். பக்கத்து ஊரில் தட்டம்மை வந்துவிட்டது.

ஃபலேசி அதற்கு மேல் காத்திருக்கவில்லை. ஏணி வைத்து ஏறித் துணிகளை உருவி எறிந்தாள். பெட்டி ஓடியது. லைசன் அறுபது பிள்ளைகளுக்கான மருந்தைக் கொண்டுவந்து அடுக்கினான். சனிக்கிழமை ஊசி என்று ஊருக்கே சொல்லியாயிற்று.

தலைவர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

"விருந்தாளி வர்றதுக்கு முன்னாடியே களியில கை வெச்சிட்டியே, வெக்கமா இல்ல?"

"வெயிலு யாருக்காகக் காத்துக்கிட்டு நிக்குது தலைவரே?"

"வாய் நீளுது ஒனக்கு. ரெண்டு கோழி அபராதம்."

கொடுத்துத் தொலைத்தாள். பெட்டி ஓடினால் போதும்.

புதன்கிழமை வேறொரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை இருந்தது. வெள்ளிக்கிழமை திரும்பி வந்தபோது தகடுகளின் மேல் மறுபடியும் அதே துணிகள். பெட்டி அணைந்து கிடந்தது.

"அதிகாரி இன்னிக்கு வர்றாராம். அவரு கையால ஓடணும்னு, நீ போன அன்னிக்கே தலைவரு நிறுத்திட்டாரு. நான் என்னத்தப் பண்றது, ஃபலேசி?" என்றான் லைசன்.

"நீயெல்லாம் ஒரு ஆளு!"

குப்பிகளை வெளியே எடுத்தாள். கெடாத மருந்தென்றால் ஒட்டுத்தாளில் உள்ள சிறு சதுரம் வெள்ளையாக இருக்கும். எல்லாமே கருத்திருந்தன.

வாசலில் போட்டிருந்த மேடைப் பக்கம் குலவைச் சத்தம். அதிகாரி துணியை விலக்கினார், பொத்தானை அழுத்தினார், கூட்டம் கைதட்டியது. முதுகில் குழந்தையைக் கட்டியிருந்த ஒருத்தி ஃபலேசியிடம் ஓடி வந்தாள்.

"அக்கா, நாளைக்கு விடிஞ்சதும் ஊசிக்கு வந்துடவா?"

ஃபலேசி மேடையைப் பார்த்துக் காறித் துப்பினாள். குழந்தைக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு மேடைக்கே நடந்து, குப்பிகளைத் தலைவரின் முன்னால் கொட்டினாள்.

"இவர்கிட்ட கேளு."

"அப்புறம் பேசிக்கலாம்மா, போட்டோ எடுக்கறாங்க" என்று பல்லைக் கடித்தார் தலைவர்.

குழந்தைக்காரி நகரவில்லை. "வரவா, வேண்டாமா தலைவரே?" என்று மறுபடியும் கேட்டாள்.