பிரேக் கட்டை தேயவில்லை

குப்பம் டவுனில் காலேஜ் படிக்கிற என் பேத்தி பவித்ரா காலை வேளையில் போன் செய்ய மாட்டாள். அன்றைக்கு ஏழு மணிக்கே செய்தாள். "ஆயா, எங்க கீற? மொதல்ல ஒக்காந்துக்கோ" என்றாள். உட்கார்ந்தேன். "கலா ஆன்ட்டி பூட்டாங்க ஆயா. நெஞ்சு வலின்னு வேலூருக்கு இட்டுக்கினு போனாங்களாம். வழியிலியே..." அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. நான்கு நாள் முன்னால்தான் கலாவதி என் வீட்டு முன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள்.

நம் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சித்தூரில் மாம்பழக் கூழ் எடுக்கும் ஃபேக்டரியில் சூப்பர்வைசர் வேலை. காலை ஷிப்டுக்கு பஸ் சரியாக வராது என்று நாற்பது வயதுக்கு மேல் விழுந்து எழுந்து சைக்கிள் பழகினாள். "பஸ்ஸுக்குக் காத்துக்கினு நின்ன நேரத்த சேத்து வெச்சிருந்தா காசிக்கே போயிட்டு வந்திருப்பேன்" என்பாள். பிறகு தன்னோடு நாலு பேரைச் சேர்த்தாள். நாலு பேர் பதினோரு பேர் ஆனார்கள்.

பவித்ராவைச் சேர்த்துக்கொள்ளக் கேட்டு கலா என்னிடம் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பிள்ளையின் அம்மாவும் அப்பாவும் ஸ்ரீசிட்டியில் வேலைக்கு இருந்ததால் அவள் என்னிடம்தான் வளர்ந்தாள். பெரிய ரோட்டில் லாரிக்கு நடுவில் பெண்பிள்ளையை எப்படி அனுப்புவது என்று கேட்டேன். கலா வாக்குவாதம் செய்யவில்லை. "நம்பிக்கை இல்லன்னா நீங்களும் வாங்க சரோஜாம்மா. பின்னாடி சாமான் வண்டி வரும், அதுல ஒக்காந்துகினு வாங்க. வர்றப்ப சோறு கட்டிக்கினு வந்தீங்கன்னா எங்க வயிறும் ரொம்பும்" என்றாள். காவலுக்குப் போனவள் சமையல்காரி ஆனேன்.

அவள் எப்போதும் கடைசியில்தான் வருவாள். வேகமாக மிதிக்கத் தெரியாமல் இல்லை. "முன்னாடி போறவனுக்கு ரோடு தொணை. பின்னாடி தங்கிப் போறவளுக்கு யாரு தொணை?" என்று கேட்பாள். ஆரம்பத்தில் கிளம்பும் முன் அவளே ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து பார்ப்பாள். காற்று, செயின், பிரேக். அவள் சரி என்று சொன்ன பிறகுதான் சக்கரம் நகரும்.

போன வாரம் அவளுக்காக நாம் எல்லாரும் கூடினோம். பாங்கில் வேலை செய்யும் நம் பாஸ்கர் பேசினார். "இத்தினி வருஷத்துல அக்கா ஒரே ஒரு தபாதான் வண்டிய சரியா பாக்காம வுட்டாங்க. திருப்பதி ரேஸுக்குப் போனப்போ. அதக்கூட அவங்களே ஒத்துக்கினாங்க. யாருக்கு வரும் அந்த மனசு?" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நீங்களும் தலையாட்டினீர்கள். எனக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து சொல்லியிருக்க வேண்டும்; நாக்கு எழவில்லை. ஐந்தாவது வரை படித்த கை, மெதுவாகத்தான் எழுதும். ஆனாலும் எழுதிவிடுகிறேன். அந்த ஒரு தபாவும் அவள் பார்க்காமல் விடவில்லை.

திருப்பதியில் ஊர்க்காரர்கள் எல்லாரும் கலந்துகொள்ளும் சைக்கிள் ரேஸ். முதல் நாளே சைக்கிளில் போய்ச் சேர்ந்து, இரவு தங்கி, மறுநாள் காலை ஓட்டுவது என்று ஏற்பாடு. பவித்ரா பத்தாவது முடித்திருந்தாள். அவளுக்கு அதுதான் முதல் ரேஸ். கலாவும் பெயர் கொடுத்திருந்தாள். எட்டு மாதம் ஷிப்டு முடிந்து தினமும் காணிப்பாக்கம் வரை மிதித்துப் பழகியிருந்தாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மழை. பாதி தூரத்தில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி எல்லாரும் சாப்பிட்டீர்கள். பவித்ராவின் வண்டி முழுக்கச் சேறு. இந்தக் கோலத்தில் பிள்ளை திருப்பதிக்குள் நுழைவதா என்று எனக்கு மனசு கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் ஆயுத பூஜைக்கு அவர் சைக்கிளை எண்ணெய்த் துணியால் துடைத்துப் பளபளவென்று நிறுத்துவேன். அதே நினைப்பில் பையில் தலைக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயை எடுத்து, வண்டி முழுக்கத் துடைத்தேன். சக்கரத்தின் இரும்பு வளையத்தையும் விடவில்லை. பிரேக் கட்டை அந்த வளையத்தைத்தான் பிடிக்கிறது என்பது எனக்குத் தெரியாது. யாரிடமும் சொல்லவும் இல்லை. பிள்ளையே பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று இருந்துவிட்டேன்.

சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு வந்த முதல் சரிவு, சந்திரகிரிக்கு முன்னால். குறுக்கே டிராக்டர் வந்தது. முன்னால் போன எல்லாரும் பிரேக் பிடித்தார்கள். பவித்ராவும் பிடித்தாள், வண்டி நிற்கவில்லை. யார் மேலும் மோதாமல் வண்டியை ரோட்டை விட்டு ஒடித்தாள். மைல்கல்லில் இடித்து முன்சக்கரம் எட்டுப் போட்டது போல வளைந்துவிட்டது. முட்டியில் சிராய்ப்போடு போயிற்று, கடவுள் புண்ணியம். நான் வண்டியிலிருந்து இறங்கி ஓடிப்போய்ச் சேர்வதற்குள் பாஸ்கர் கத்திக்கொண்டிருந்தார். "பிரேக்க பாக்காம யாருய்யா அனுப்புனது? கொழந்த உசுரு போயிருந்தா?"

கலா குனிந்து வளையத்தில் விரலை வைத்து இழுத்தாள். மூக்கருகில் கொண்டுபோனாள். நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"பிரேக் கட்ட தேஞ்சி பூட்சி. காலைல நான் சரியா பாக்கல. என் தப்புதான்" என்றாள், முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டே.

பவித்ரா அவளை முறைத்தாள். "என் ரேஸே போச்சி ஆன்ட்டி" என்றவள், அன்றும் மறுநாளும் அவளோடு பேசவே இல்லை.

சாயந்திரம் தங்கும் இடத்தில் துணி காயப்போடும்போது கலா என் பக்கத்தில் வந்து நின்றாள். "தேங்காண்ணெயா, நல்லெண்ணெயா சரோஜாம்மா?"

"தேங்காண்ணெ."

"அதான பாத்தேன். வாசன தூக்கலா இருந்துச்சி."

எனக்கு அழுகை வந்தது. "ஏம்மா ஓம்மேல போட்டுக்கின?" என்று கேட்டேன்.

"உங்க பேரச் சொன்னா ராத்திரி முச்சூடும் உங்ககூட சண்ட போட்டுகினு அழுவா. காலைல எப்பிடி ஓட்டுவா? எம்மேல கோவம்னா எவ்ளோ நேரம் நிக்கும்? என் வண்டியக் குடுத்தா போயிடும்."

"அப்ப நீ?"

"நான் அடுத்த வருஷம் ஓட்டிக்கிறேன். எனக்கென்ன அவள மாரி பரீட்சையா வருது?"

காலையில் தன் வண்டியின் சீட்டை இறக்கி பவித்ராவின் உயரத்துக்கு முடுக்கிக் கொடுத்தாள். பிள்ளை முகம் கொடுக்காமலே வாங்கிக்கொண்டு போனாள். ஐந்தாவதாக வந்தாள். முதல் மூன்று பேருக்குத்தான் கப்பு என்றார்கள். எனக்கு அவள்தான் முதல். கலா ரோட்டோரம் நின்று தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷம் அவள் ஃபேக்டரியில் சீசன் வேலை. அதற்கடுத்த வருஷம் ரேஸே நடக்கவில்லை. அவள் கடைசி வரை ஓட்டவில்லை.

இதை எழுதும் முன் பவித்ராவிடம் போனில் சொன்னேன். கோபிப்பாள் என்று நினைத்தேன். "ரெண்டு நாளு அவங்க மூஞ்சப் பாத்துப் பேசல ஆயா நானு" என்றாள். பிறகு, "எழுது. எல்லாருக்கும் தெரியட்டும்" என்றாள்.

திருப்பதியிலிருந்து வந்த அடுத்த ஞாயிறு, கிளம்பும் இடத்தில் கலா எல்லாரையும் நிறுத்தி, "இன்னிலேர்ந்து வண்டிங்கள சரோஜாம்மா பாப்பாங்க. அவங்க சரின்னு சொன்னாதான் கெளம்பணும்" என்றது உங்களுக்கு நினைவிருக்கும். வயசானவளுக்கு மரியாதை செய்கிறாள் என்று நினைத்தீர்கள். அதற்கு முந்தின மூன்று நாளும் அவள் என் வீட்டுக்கு வந்து, கட்டையை எப்படிப் பார்ப்பது, கம்பியை எப்படி இழுப்பது, வளையத்தைக் காய்ந்த துணியால் எப்படித் துடைப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது உங்களுக்குத் தெரியாது. தவறு செய்த கையை ஒதுக்கி வைக்காமல், அந்தக் கையிலேயே பதினோரு பேர் உயிரை ஒப்படைத்தாள். அதற்குப் பிறகு ஒரு வாரம்கூட அவள் என் பின்னால் வந்து திரும்பப் பார்த்ததில்லை.

கலா எனக்கு விட்டுப்போனது இந்த வேலைதான். வருகிற ஞாயிறு காலை ஐந்தரைக்கு நான் அங்கே நிற்பேன். நடந்தது தெரிந்த பிறகும் உங்கள் வண்டியை என் முன்னால் நிறுத்துவீர்கள் என்று நம்புகிறேன்.