எல்லார் கணக்குக்கும் ஒரே நம்பர்

கரையான்சாவடி மெயின் ரோட்டில் ரேணுகாவைத் தெரியாத கடைக்காரர் யாராவது இருந்தால் அவர் வரியே கட்டாதவர் என்று அர்த்தம். மருந்துக் கடைக்கு மேல்மாடியில் அவளுக்கு ஒரு சின்ன ஆபீஸ். அதை ஒட்டி என் ஜெராக்ஸ் கடை. நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. அதனால் அவளைத் தேடி வருகிறவர்களின் வரவு செலவில் பாதி எனக்கும் தெரியும். ஒட்டுக் கேட்கிற பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. பலகை மெல்லிசு, அவ்வளவுதான்.

ரேணுகா பட்டாபிராம்காரி. பி.காம். முடித்து, ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பல வருஷம் மாடாக உழைத்துவிட்டு, பிறகு கடை கடையாக ஏறி இறங்கிச் சொந்தமாக வாடிக்கை பிடித்தவள். பாத்திரக் கடை, ஹார்ட்வேர், டிராவல்ஸ், பேக்கரி என்று நசரத்பேட்டை வரைக்கும் அவளுக்கு ஆள் உண்டு. எல்லாரையும் திட்டுவாள். திட்டு வாங்கத்தான் வருகிறார்களோ என்று எனக்கே சந்தேகம் வரும். கடைக் காசையும் வீட்டுக் காசையும் ஒரே பேங்க் கணக்கில் போட்டுக் குழப்பிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது. சம்சாரத்துக்குப் புடவை எடுத்ததை எந்தச் செலவில் எழுதட்டும், கடைப் பராமரிப்பிலா என்று கேட்பாள். வியாபாரமே நடக்காத மாதத்துக்கும் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும், கடையை மூடினால் பதிவையும் ரத்து செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பூட்டிய கடைக்கும் அபராதம் ஏறும் என்று தொண்டை வறளச் சொல்வாள். விற்பனையில் வசூலாகிற வரியை அன்றன்றைக்கே தனியாக எடுத்து வைக்கச் சொல்வாள். அது உன் காசு இல்லை, கொஞ்ச நாள் உன்னிடம் தங்கியிருக்கிற அடுத்தவன் காசு என்பாள். எல்லாரும் பலமாகத் தலையை ஆட்டுவார்கள். அடுத்த மாதம் அதே குப்பையோடு படியேறி வருவார்கள்.

அவள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இந்தப் பக்கத்தில் கணக்குப் பார்க்கிற பலரும் செய்வதுதான். ஜிஎஸ்டி பதிவு எடுக்கும்போது முதலாளியின் செல் நம்பரும் ஈமெயிலும் கொடுக்க வேண்டும். நம் கடைக்காரர்களுக்கு ஈமெயில் என்றாலே கொட்டாவி. செல் நம்பரைச் சட்டை மாதிரி மாற்றுவார்கள். ரிட்டர்ன் போடும் கடைசி நாளில் ஓடிபி கேட்டு போன் செய்தால், வண்டி ஓட்டுகிறேன், பிறகு பேசு என்று வைத்துவிடுவார்கள். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று எல்லார் பதிவிலும் ரேணுகா தன் நம்பரையே போட்டுவிட்டாள், ஈமெயிலும் தன்னுடையதே. வசதிதான். ஆனால் அரசாங்கம் கூப்பிட்டால் கடைக்காரருக்குக் கேட்காது. ரேணுகாவுக்கு மட்டும்தான் கேட்கும்.

அவள் திட்டாத ஒரே வாடிக்கைக்காரர் அப்துல் ஜப்பார். நசரத்பேட்டையில், பெங்களூர் ஹைவே ஓரமாக, கார்களுக்கு சீட் கவர் தைத்து மாட்டும் கடை வைத்திருக்கிறார். மாதம் பிறந்ததும் அவருடைய பில்கள் வந்துவிடும். வாங்கியது தனியாக, விற்றது தனியாக, தேதிவாரியாகக் கிளிப் போட்டு வரும். அதற்குக் காரணம் ஜப்பார் இல்லை, அவர் மனைவி ராபியா. சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்து அந்த அம்மாதான் எல்லாவற்றையும் பிரித்து அடுக்கும். ஜப்பாரிடம் விட்டிருந்தால் பில்களை ரெக்சின் துணியோடு சேர்த்துத் தைத்திருப்பார்.

தப்பு செய்தது மூன்றாவது ஆள். ஜப்பாருக்கு ரெக்சின் கொடுத்த மொத்த வியாபாரி, அவரிடம் வசூலித்த வரியை அரசாங்கத்துக்குக் கட்டவில்லை. வாங்கும்போது கொடுத்த வரியை, விற்கும்போது கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பது சட்டம். ஆனால் விற்றவன் அதைக் கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை என்றால் கழித்தவர் தலையில் விடியும். விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. அது வந்தது ரேணுகாவின் ஈமெயிலுக்கு. அப்போது அவள் ஆவடியில் ஒரு வளைகாப்பில், சாப்பாட்டுப் பந்திக்குக் காத்து நின்றிருக்கிறாள். போனில் திறந்து பார்த்தாள். திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் பதில் போட்டுவிடலாம் என்று நினைத்தாள். திறக்காத மெயில் தடித்த எழுத்தில் கண்ணை உறுத்திக்கொண்டு நிற்கும். திறந்துவிட்டால் எழுத்து மெலிந்து நூறோடு நூற்றொன்றாகிவிடும். இதுவும் அப்படி ஆனது. திங்கட்கிழமை வந்தது, மெயில் ஞாபகத்துக்கு வரவில்லை. பதில் வராததால் வரியும் வட்டியும் அபராதமும் கட்டச் சொல்லி உத்தரவு போட்டார்கள். அந்த மெயிலை அவள் பார்க்கவே இல்லை.

கடைசியில் ஜப்பாரின் கடைக் கணக்கை பேங்க் முடக்கியது. வாடிக்கைக்காரர்கள் ஸ்கேன் செய்கிற பணம் உள்ளே போகிறது, வெளியே எடுக்க முடியவில்லை. தையல்காரர்களுக்குச் சனிக்கிழமைச் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் வியர்த்து வழியப் படியேறி வந்தார். ரேணுகா கம்ப்யூட்டரில் ஜிஎஸ்டி போர்ட்டலைத் திறந்தாள். நோட்டீஸ், உத்தரவு எல்லாம் வரிசையாக இருந்தன. தன் மெயிலில் அந்தத் தேதியைத் தேடினாள். அதுவும் இருந்தது, திறந்து படித்த அடையாளத்தோடு.

நமக்கு ஒண்ணுமே வரலியே மேடம், எப்ப நோட்டீஸ் அனுப்பினாங்க என்று ஜப்பார் கேட்டார். அப்போது ரேணுகா ஒரு வார்த்தை சொன்னாள்.

"தபால்லயும் வந்திருக்கும் பாய். வீட்ல யாராவது வாங்கி வெச்சிருப்பாங்க. கேட்டுப் பாருங்க."

ஆபத்துக்குக் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்ட பொய். யோசித்துச் சொன்னதில்லை என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். அதில் எனக்குச் சமாதானம் ஆகவில்லை. யோசிக்காமல் சொன்ன பொய்யை மறுநாள் யோசித்துத் திருத்தியிருக்கலாமே.

ஜப்பார் வீட்டில் கேட்டார். நோன்புக்கு முன்னால் வீட்டைச் சுத்தம் செய்தபோது ராபியா பழைய பேப்பரையெல்லாம் எடைக்குப் போட்டிருந்தது. அது போதாதா! கணக்கு நேராகிவிட்டது. இரண்டு நாள் கழித்து அவர் வந்து, திருடன் மாதிரி தலையைக் குனிந்து உட்கார்ந்தார்.

"எங்க ஊட்ல எடைக்குப் போட்டுட்டா மேடம். உங்க மேல தப்பே கெடையாது. பேப்பர் வந்தா பத்திரமா வெய்யினு நீங்க எத்தினி தபா சொல்லிகினு இருந்தீங்க."

ரேணுகா தலையை ஆட்டினாள். அவ்வளவுதான் செய்தாள்.

அதற்குப் பிறகு அவள் ஆளே மாறிப்போனாள். டீ வாங்கி வைத்தால் ஆறிப்போகும். யாரையும் திட்டுவதில்லை. பேக்கரி பாஸ்கரன், தன் மகனின் காலேஜ் பீஸையும் மைதா மாவையும் ஒரே கணக்கில் எழுதிக்கொண்டு வந்தான். பரவாயில்லை, வெச்சிட்டுப் போங்க என்றாள். அவன் பயந்துபோய் என் கடைக்கு வந்து, மேடத்துக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தான். என்னிடம் மட்டும் ஒருநாள் மதியம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லித் தொலையேன் அந்த மனுஷனிடம் என்றேன். சொன்னால் இந்த ரோட்டில் ஒருத்தரும் என்னிடம் கணக்குத் தரமாட்டார்கள், பையன் படிப்பு இருக்கிறது, வீட்டுக் கடன் இருக்கிறது என்றாள். அவள் பயம் எனக்குப் புரிந்தது. ராபியாவை நினைத்தால் கோபமும் வந்தது. பூந்தமல்லியில் ஜப்பார் வீடு இருக்கிற தெருவில்தான் என் சித்தி மகளும் இருக்கிறாள். ஜப்பார் வீட்டில் பேச்சு வார்த்தையே இல்லையாம். தம்பி குடும்பம் வந்திருந்தபோது, படிச்சவள்னு நம்பி வீட்டைக் கொடுத்தது என் புத்திகெட்டத்தனம் என்று எல்லார் எதிரிலும் சொன்னாராம். அதை ரேணுகாவிடமும் சொன்னேன்.

பணத்துக்கு வழி இருந்தது. உத்தரவை எதிர்த்து மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். தகராறில் இருக்கிற வரியில் பத்தில் ஒரு பங்கைக் கட்டினால் மீதி வசூல் நின்று, கணக்கும் திறக்கும். மூன்று மாதம் தாண்டியிருந்தது. தக்க காரணம் சொன்னால் இன்னும் ஒரு மாதம் பொறுப்பார்கள். அந்தக் காரணத்தில்தான் ரேணுகா வந்து மாட்டிக்கொண்டாள். யாரோ ஜப்பாரிடம், உன் சம்சாரமே தொலைத்ததாக ஒரு அபிடவிட் கொடுத்தால் கேஸ் பலமாக நிற்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் பிடிவாதமாகக் கேட்டார். வேண்டாம் பாய் என்று ரேணுகா வாய்க்குள்ளேயே முனகினாள். பிறகு டைப் அடித்தாள். அவள் பிரிண்டர் ரிப்பேர் என்பதால் என் மெஷினில்தான் அந்தத் தாள் வந்தது. வீட்டுக்கு வந்த அறிவிப்பை என் கவனக்குறைவால் பழைய காகிதங்களோடு சேர்த்து விற்றுவிட்டேன் என்று ராபியா சொல்வதாக எழுதியிருந்தது. அதை ரேணுகாவின் கையில் கொடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.

கையெழுத்துப் போட ராபியா தனியாக வந்தது. தாளை முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகப் படித்தது. பேனாவைக் கேட்டது. ரேணுகா கொடுத்தாள். போடுவதற்கு முன்னால் ஒரு சந்தேகம் கேட்டது.

"அந்த நோட்டீசு இன்னா கலர் கவர்ல வரும் மேடம்? நான் ஒவ்வொண்ணா பாத்துதான் எடைக்குப் போட்டேன். எது அதுன்னு ஞாபகத்துக்கே வரல. தெனமும் அதையே யோசிச்சுகினு கீறேன்."

தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் மெஷினை நிறுத்தினேன்.

"கவரே வரலக்கா," என்றாள் ரேணுகா. "உங்க வீட்டுக்கு எதுவும் வரல. என் மெயிலுக்கு வந்துச்சு. நான் பாத்துட்டு மறந்துட்டேன். பாய்கிட்ட பொய் சொன்னேன்."

அழுதாள். மன்னிப்புக் கேட்டாள். ராபியா அழவில்லை. பேனாவை மூடி மேஜைமேல் வைத்த சத்தம் எனக்குக் கேட்டது.

"இத அவராண்ட நீங்களே வந்து சொல்லுங்க மேடம். நான் போய் சொன்னா, உன்ன காப்பாத்த அவங்க பழி ஏத்துக்கினாங்கன்னு சொல்லுவாரு. அவருக்கு உங்க மேல அவ்ளோ மரியாதை."

இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் நசரத்பேட்டைக்குப் போனார்கள். கடையில் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்க, வேலைக்காரர்கள் எதிரிலேயே ரேணுகா சொல்லி முடித்தாள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அந்த அம்மாவை எல்லார் எதிரிலும்தானே அவர் ஏசினார், அதனால் இதுவும் எல்லார் எதிரிலும் இருக்கட்டும் என்று தோன்றியதாம். ஜப்பார் கத்துவார் என்று எதிர்பார்த்தாள், கத்தினால் தேவலை என்றும் இருந்தது. அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"உங்களுக்கு எப்பத்துல இருந்து தெரியும்?"

"நீங்க மொதல்ல வந்து உக்காந்தீங்களே, அன்னைக்கே தெரியும் பாய்."

அவர் ரேணுகாவைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார், என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். ராபியா அவர் சொல்வதற்காகக் காத்திருக்கவில்லை. அதே ஆட்டோவில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டது.

பழைய அபிடவிட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, அறிவிப்பு தன் மெயிலுக்கு வந்தது, தன் தவறால் பதில் போகவில்லை என்று ரேணுகா தன் பெயரில் ஒன்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். காலதாமதத்தைப் பொறுத்து மனுவை எடுத்துக்கொண்டார்கள். ஜப்பாரின் கணக்கு திறந்தது. கேஸ் இன்னும் நடக்கிறது. மேல்முறையீட்டுக்குக் கட்டிய பத்தில் ஒரு பங்கில் ரேணுகாவின் வளையல் காசும் உண்டு, வேண்டாம் என்று ஜப்பார் மறுத்தும் கேட்கவில்லை. விஷயம் ரோடு முழுக்கப் பரவியது. ஹார்ட்வேர்காரரும் டிராவல்ஸ்காரரும் கணக்கை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மீதியிருக்கிறவர்களை ஒவ்வொருவராக வரவழைத்து, பதிவில் தன் நம்பரை எடுத்துவிட்டு அவரவர் நம்பரைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். போர்ட்டலில் நோட்டீஸ் எந்த இடத்தில் இருக்கும், அதை எப்படித் திறந்து பார்ப்பது என்று சொல்லிக் கொடுக்கிறாள். இதெல்லாம் எங்களுக்கு எதற்கு என்று சலித்துக்கொள்கிறார்கள். இப்போது மறுபடியும் திட்டுகிறாள், ஆனால் முன்பிருந்த காரம் இல்லை.

ஜப்பாரும் கணக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். மாதம் பிறந்ததும் ராபியாவே படியேறி வந்தது. வழக்கம்போலத் தேதிவாரியாகக் கிளிப் போட்ட பில்கள். ரேணுகா எழுந்து நின்று மறுபடியும் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள். அதப் பேச வரல மேடம், நம்பர் மாத்தணும்னு சொன்னீங்களாமே என்றது ராபியா. ரேணுகா உட்கார்ந்து போர்ட்டலைத் திறந்து, ஜப்பாரின் செல் நம்பரை அடிக்க ஆரம்பித்தாள். ராபியா கையை நீட்டி நிறுத்தியது.

"அவரு நம்பர் வேணாம். என் நம்பர் போடுங்க. இனிமே ஒண்ணு தப்பாச்சுன்னா, அது நெஜமாவே என் தப்பா இருக்கட்டும்."